லயத்துச் சட்டிக்கு எட்டாத கடல்

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை ஒரே இரவில் லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியது. மன்னார்க் கரையில் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகுக்கு அதுதான் எரிபொருள். பொகவந்தலாவையில் மழை மாதத்தில் நனைந்த விறகைப் பற்றவைக்கவும், மின்சாரம் போன இரவில் பிள்ளை படிக்கவும் அதுதான் துணை. விலையைக் கூட்டிய அரசு மானியம் தருவதாக அறிவித்தபோது, குறைந்த வருமானக் குடும்பங்களோடு மீன்பிடித் துறையையும் தோட்டத் துறையையும் சேர்த்தே பெயர் சொன்னது. கடலோரத்து மீனவரும் மலையகத் தொழிலாளியும் அரசாங்க அறிவிப்பொன்றில் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது அபூர்வம். சுமை ஏறும் நாளில் மட்டும் சேர்த்துப் பார்க்கப்படும் இவர்கள் மற்ற நாள்களில் வெவ்வேறு அமைச்சுகளுக்கும் வெவ்வேறு கோப்புகளுக்கும் உரியவர்கள்.

கடற்றொழில் பற்றிய பேச்சு வந்தால் நம் பத்திரிகைகளில் யாழ்ப்பாணமும் மன்னாரும் நீர்கொழும்பும் காலியும் வரும். மலையகம் பற்றிய பேச்சென்றால் சம்பளம், வீடு, காணி. இரண்டும் நியாயமான பேச்சுகள்தாம். ஆனால் கடலை அரசு எப்படி நிர்வகிக்கிறது என்ற கேள்விக்கு முதலில் விடை தெரியும் இடங்களில் ஒன்று தோட்டத்து அடுப்படி. வாடைக்காற்று பலமாக அடித்தாலும், பாக்குநீரிணையில் வலை அறுந்தாலும், கொழும்பில் இறக்குமதி வரி ஏறினாலும் சில வாரங்களில் அது நோர்வூட்டிலும் டயகமவிலும் நெத்தலியின் விலையாக வந்து நிற்கும். அந்த அடுப்படியைக் கணக்கில் எடுக்காத எந்தக் கடற்றொழில் கொள்கையும் பாதிக் கொள்கைதான் என்பதே என் கருத்து.

தோட்டத்துச் சாப்பாட்டில் கடல் எப்போதும் இருந்து வந்திருக்கிறது. பெரும்பாலும் காய்ந்த உருவத்தில். சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் கடைவீதியில் கருவாட்டுக் கடை முன்னால் நின்று பார்க்க வேண்டும். வாய் திறந்த சாக்குகளில் கட்டா, சீலா, திருக்கை, நெத்தலி. கட்டாவின் விலையைக் கேட்பவர்கள் பலர், வாங்குபவர்கள் சிலர். நெத்தலிச் சாக்கின் பக்கத்தில்தான் கூட்டம். பெண்கள் கையை உள்ளே விட்டு, அடியில் தூள் எவ்வளவு கிடக்கிறது என்று கிளறிப் பார்த்துவிட்டுத்தான் கேட்பார்கள்: நூறு கிராம், நூற்றைம்பது கிராம். கிலோ என்ற பேச்சு இல்லை. அந்த நூறு கிராம் வீட்டுக்குப் போனதும் தலை கிள்ளி, வெந்நீரில் அலசி, உருளைக்கிழங்கோடு குழம்பாகும். ஐந்து பேருக்குப் பங்கு வைக்கும்போது வேலைக்குப் போகிறவருக்கும் சின்னப் பிள்ளைக்கும் மீன் விழும். சமைத்தவருக்குப் பெரும்பாலும் குழம்பு மட்டும்தான். கொழுந்துக் கூடையை நாள் முழுக்க முதுகில் சுமந்தவரும் அவர்தான்.

பச்சை மீனும் வராமல் இல்லை. மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு, ஹோர்ன் அடித்தபடி தோட்டத்துப் பாதையில் மீன்காரர் ஏறி வருவார். விடிவதற்கு முன்னே டவுனில் லொறியிலிருந்து இறக்கிய சாளையும் கும்பளாவும் மேல் டிவிசனுக்கு வந்து சேரும்போது பத்து, பதினொரு மணியாகிவிடும். ஐஸ் கரைந்திருக்கும். சாளையின் கண் சிவந்து, வயிறு இளகியிருக்கும். ஆனாலும் வாங்குவார்கள், கொப்பியில் எழுதிவைத்துச் சம்பளத்தன்று கொடுப்பார்கள். கரையில் முதல் தரம் பிரித்து, கொழும்பில் இரண்டாம் தரம் பிரித்து, டவுனில் மூன்றாம் தரம் பிரித்த பிறகு மிஞ்சியதற்குத்தான் இந்தக் கடன்.

2016இல் எடுத்த குடிசன, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப் பகுதியில் அது 32 வீதம். கிட்டத்தட்ட இரு மடங்கு. இதற்கு மீன் இல்லாததுதான் காரணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தண்ணீர், கழிப்பறை, தாயின் உடல்நிலை, வருமானம் என்று காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் உயர்ந்த நாட்சம்பளம், அன்றைய வேலை முழு நாளாகப் பதிவாகி முழுப் பேர் விழுந்தால்தான் கைக்கு வரும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். ஆனால் முள்ளோடு தின்னும் சிறுமீனில் உள்ள சுண்ணாம்புச் சத்தும், இறைச்சி வாங்க முடியாத வீட்டுக்கு அது தரும் புரதமும், இரத்தச்சோகை உள்ள தாய்க்கு அது செய்யும் உதவியும் மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயங்கள். இவ்வளவு மலிவாக, குளிர்சாதனப் பெட்டி இல்லாத காம்பராவிலும் கெடாமல் இருக்கக்கூடிய உணவு வேறு எது இருக்கிறது?

இலங்கை அரசு கடலைக் கையிலெடுத்துப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. 1940இல் கடற்றொழில் கட்டளைச் சட்டம், அதையடுத்துத் திணைக்களம், 1964இல் இலங்கைக் கடற்றொழில் கூட்டுத்தாபனம், 1972இல் மீன்பிடித் துறைமுகங்களுக்கு ஒரு கூட்டுத்தாபனம், 1996இல் இன்று நடைமுறையில் உள்ள கடற்றொழில், நீரியல் வளச் சட்டம். நாட்டின் பொருளாதாரக் கடல் வலயம் 517,000 சதுர கிலோமீட்டர். நிலப்பரப்பைப் போல எட்டு மடங்குக்கு அருகில். திணைக்களம் இந்தக் கரையை 15 கடற்றொழில் மாவட்டங்களாகப் பிரித்து நிர்வகிக்கிறது. எத்தனை படகு, எத்தனை வலை, எத்தனை தொன் என்பதெல்லாம் அங்கே பதிவாகும். மீன் எந்த விலைக்கு எந்த மலைக்கு ஏறியது, அங்கே யார் தின்றார், யார் தின்னவில்லை என்பதை அளந்து வைக்கும் வேலை அந்தப் பதினைந்து மாவட்ட அலுவலகங்களில் எதற்கும் இல்லை. நுவரெலியா மாவட்டத்துக்குக் கடல் இல்லை என்பதால் கடல்சார்ந்த குரலும் இல்லாமல் போய்விட்டது.

உண்பவர் கேள்வி கேட்டால் இந்த நிர்வாகம் அசையுமா? அசைந்ததை நாம் கண்டிருக்கிறோம். இலங்கைப் படகுகள் சர்வதேசக் கடலில் ஒழுங்கில்லாமல் மீன்பிடிக்கின்றன என்று ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் மஞ்சள் அட்டை காட்டியது. 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்குக் கதவை மூடியது. அதன் பிறகு நடந்த வேலையின் வேகம் வியக்கத்தக்கது. சட்டம் திருத்தப்பட்டது, தண்டப்பணம் உயர்ந்தது, ஏறத்தாழ 1,500 பலநாட் கலங்களில் செய்மதிக் கண்காணிப்புக் கருவி பூட்டப்பட்டது. 2016இல் தடை நீங்கியது. நல்ல காரியம், அதைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அரசால் முடியாது, வசதியில்லை, மீனவர்கள் கேட்க மாட்டார்கள் என்ற வழக்கமான பதில்கள் எல்லாம் அந்த ஒன்றரை வருடத்தில் பொய்யாகிவிட்டன. ஐரோப்பாவில் உண்பவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னார்கள். டிக்கோயாவில் உண்பவர் கேட்கவில்லை. கேட்பதற்கான இடமும் அவருக்குத் தரப்படவில்லை.

வடகடலுக்கு வருவோம். 1983க்கு முன்பு நாட்டின் மீனில் பெரும்பங்கு வடக்கிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்துக் கருவாடு ரயிலேறித் தெற்கே போனது. போர் அந்தப் பாதையை அறுத்தது. யாழ்தேவி ரயில் 1990இல் யாழ்ப்பாணத்துக்குப் போவதை நிறுத்தி 2014இல்தான் மீண்டும் போய்ச் சேர்ந்தது. அதே 1990இல் மக்கள் வெளியேறிய மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் இராணுவத்திடமிருந்து திரும்பியது. கடல் கட்டுப்பாடுகள் தளர்ந்து வடக்கின் மீனவர் மறுபடி வலை இறக்கிய நேரத்தில் தமிழகத்து இழுவைப் படகுகள் வந்து குவிந்தன. திங்கள், புதன், சனி என்று நாள் குறித்ததுபோல வரும் அந்தப் படகுகள் அடிமடியைக் கடலடியில் இழுத்துப் போகும்போது குறி இறாலுக்கு. கூடவே அள்ளுப்படுகிற சிறுமீனை இராமேஸ்வரத்தில் சங்காயம் என்பார்கள். கோழித் தீவனத்துக்கும் மீன்மா ஆலைக்கும் போகும் கழிவு அது. மலையகத்துச் சட்டியில் விழ வேண்டிய மீன் குஞ்சிலேயே கோழிக்குத் தீனியாகிறது.

அந்தப் படகுகளில் வேலை செய்யும் கூலியாளும் ஏழைதான், தமிழர்தான். 1964இல் இந்தியாவோடு செய்த ஒப்பந்தத்தால் தலைமன்னாரில் கப்பலேற்றி அனுப்பப்பட்ட நம் உறவுகள் அந்தக் கரையைத் தாண்டித்தான் போனார்கள் என்பதையும் மறக்கவில்லை. அதனால் இதில் மலையகத்துக்கு ஒரு நிலைப்பாடு எடுப்பது மனதளவில் எளிதில்லை. ஆனாலும் நான் தயங்காமல் சொல்வேன்: இழுவைமடி எந்தக் கொடியின் கீழ் வந்தாலும் அது ஏழையின் மீனை அழிக்கும் தொழில். 2017 ஜூலையில் இலங்கைப் பாராளுமன்றம் அடிமடி இழுவைத் தொழிலைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. இரண்டு வருடச் சிறையும் 50,000 ரூபாய் தண்டமும் அதில் உண்டு. அப்போது பாராளுமன்ற உறுப்பினராக இருந்த எம்.ஏ.சுமந்திரன் தனிநபர் பிரேரணையாகக் கொண்டுவந்த முயற்சி அது. சட்டம் வந்த பின்னும் நம் கரையிலேயே உள்ளூர் இழுவைப் படகுகள் ஓயவில்லை. இரு நாட்டு மீனவர் 2010இலும் 2014இலும் நேருக்கு நேர் பேசினார்கள். 2016 நவம்பரில் டில்லியில் கூட்டுப் பணிக்குழு அமைந்தது. தமிழகத்தில் ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடை. தங்கள் கடல் ஓய்வெடுக்க வேண்டும் என்று தெரிந்த அரசுக்கு, எதிர்க்கரைக் கடலுக்கும் அதே நியாயம் என்று தெரியாதா?

2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி மாத்தளை வரை மலையக மக்கள் நடந்தார்கள். 200 வருடங்களுக்கு முன் மூதாதையர் கரையிறங்கி, காட்டுவழியே செத்துச் செத்து நடந்த பாதையை நினைவுகூர்ந்த நடைபயணம் அது. அந்த நடை ஒரு மீனவர் கரையில் தொடங்கியதை நான் முக்கியமாக நினைக்கிறேன். மன்னார் மீனவர் சங்கங்களும் மலையகத் தொழிற்சங்கங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசவேண்டிய ஒரு பொருள் இருக்கிறது என்றால், அது அந்தக் கடலின் சிறுமீன்.

அந்தக் கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது என்பதை அறியும் வேலையும் தடுமாறியபடியே நடக்கிறது. நோர்வேயின் உதவியோடு உலக உணவு, விவசாய நிறுவனம் இயக்கும் நான்சன் ஆய்வுக் கப்பல் 1978 முதல் 1980 வரை இங்கே ஆய்வு செய்தது. மீண்டும் 2018இல் வந்தபோது மீன்வளம் முன்பைவிட வெகுவாகக் குறைந்திருந்தது தெரிந்தது. 2025 ஜூலையில் அது வரவிருந்தது. வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கான நடைமுறை விதிகள் தயாராகாததால் குறித்த காலத்தில் வரவில்லை. ஆய்வு என்ற பெயரில் உளவுக் கப்பல்கள் வருகின்றன என்ற சர்ச்சையில் வல்லரசுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட நாட்டின் சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆனால் மீனை எண்ண வரும் கப்பலுக்கும் மற்றக் கப்பல்களுக்கும் வித்தியாசம் பார்த்து ஒரு விதி எழுத ஒரு வருடத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. கையிருப்புத் தெரியாமல் கடை நடத்த முடியுமா?

இன்னொரு பக்கம், எந்த மீனுக்கு அரசு முதலிடம் தருகிறது என்ற கேள்வி. பூநகரி, கிராஞ்சிப் பக்கம் 2022இல் சிறு மீனவர்கள் கடலட்டைப் பண்ணைகளுக்கு எதிராகப் போராடினார்கள். களங்கட்டியும் சிறகுவலையும் போட்ட ஆழமில்லாத கடலை வேலிபோட்டுப் பண்ணையாக்கியது அவர்களின் முறைப்பாடு. கடலட்டை டொலர் தரும். கடனில் மூழ்கிய நாட்டுக்கு டொலர் தேவைதான். ஆனால் கடலட்டை இலங்கையில் எவர் வீட்டுச் சட்டியிலும் விழாத பொருள். அது எடுத்துக்கொண்ட இடத்தில் முன்பு பிடிபட்ட மீனில் ஒரு பகுதி காய்ந்து உள்நாட்டுக்குப் போனது. இந்த வரவையும் இழப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுத்ததாகத் தெரியவில்லை.

கடற்றொழில் கூட்டுத்தாபனத்தை 1964இல் தொடங்கியபோது சொன்ன நியாயம் நல்ல நியாயம்: மீனவருக்கு ஈடான விலை, நுகர்வோருக்குத் தாங்கக்கூடிய விலை, இடைத்தரகர் பிடியிலிருந்து இருவருக்கும் விடுதலை. இன்று நாட்டின் மீன் பெரும்பாலும் பேலியகொட மத்திய சந்தை என்ற ஒரே வாசலால் போய்வருகிறது. அதன் ஆபத்தை 2020 ஒக்டோபரில் மலையகம் நேரில் கண்டது. பேலியகொடையில் கொரோனா பரவி, அங்கே கொள்முதல் செய்த வியாபாரிகள் வழியாக ஹட்டனுக்கும் வந்து சேர்ந்தது; ஹட்டன் நகரக் கடைகள் மூடப்பட்டன. நூற்று முப்பது கிலோமீட்டர் தூரத்துச் சந்தையில் ஒருவர் தும்மினால் தேயிலை மலையில் கடை பூட்டும் அளவுக்கு அந்தப் பாதை ஒற்றைப் பாதை. சில நாள் நாடு முழுவதும் மீன் வாங்கவே மக்கள் பயந்தார்கள். பயத்தைப் போக்குவதற்காக முன்னாள் அமைச்சர் திலிப் வெதஆரச்சி ஊடகச் சந்திப்பில் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். மீனவரின் கஷ்டத்தை அப்படியாவது பேச ஒருவர் இருந்தார். கருவாட்டு விலை அந்த மாதங்களில் தோட்டங்களில் என்ன ஆனது என்று கேட்க எவருமில்லை.

வரிக்கு வருகிறேன், ஏனென்றால் நெத்தலி விலையில் அரசின் கை நேரடியாகத் தெரிவது இங்கேதான். 2007ஆம் ஆண்டின் விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டத்தின் கீழ் நெத்தலி, கருவாடு, மாசி போன்ற இறக்குமதிகளுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று வரி விதிக்கலாம். வர்த்தமானி ஒன்றில் ஏற்றலாம், இறக்கலாம். நாட்டில் விற்கும் நெத்தலியில் பெரும்பகுதி தாய்லாந்து போன்ற நாடுகளிலிருந்து வருவது. உள்ளூர் மீனவரைக் காக்க இந்த வரி என்பார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. கற்பிட்டியில் கருவாடு போடும் பெண்ணின் பிழைப்பும் பெரிதுதான். ஆனால் கிலோவுக்கு விதிக்கும் வரி, தரத்தைப் பார்க்காது. கொழும்பு வீட்டுக்குப் போகும் முதல்தர நெத்தலிக்கும் தலவாக்கலையில் நூறு கிராமாக நிறுக்கப்படும் தூள் கலந்த நெத்தலிக்கும் ஒரே வரி. வருமானத்தில் பெரும்பங்கைச் சாப்பாட்டுக்கே செலவழிக்கும் வீட்டில்தான் அது பாரமாக விழும். உள்ளூர் மீனவரைக் காக்கும் செலவை நாட்டிலேயே வறுமை கூடிய மக்களிடம் அறவிடுவது அநீதி. மீனவரைக் காக்க வேண்டுமானால் இழுவைமடியைத் தடுத்துக் காக்கட்டும். கருவாடு காயப்போட நல்ல தட்டும் கூரையும் கட்டிக் கொடுத்துக் காக்கட்டும்.

மலையகத்துக்குக் கடல் இல்லை, தண்ணீர் இருக்கிறது. 1965இல் காசல்ரீ, 1969இல் மவுஸ்ஸாகலை, 1985இல் கொத்மலை, 2012இல் மேல்கொத்மலை. நாட்டுக்கு வெளிச்சம் தந்த இந்த நீர்த்தேக்கங்கள் தேயிலை மலைகளையும் ஊர்களையும் மூடியவை. மவுஸ்ஸாகலையில் தண்ணீர் வற்றும் கோடையில் பழைய மஸ்கெலியாவின் கோயிலும் பள்ளிவாசலும் புத்தர் சிலையும் வெளியே தெரியும். பஸ்ஸில் போகிறவர்கள் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தத் தண்ணீரில் என்ன மீன் வளர்கிறது, அதை யார் பிடிக்கலாம், யார் தின்னலாம் என்பது இன்றும் தெளிவாகத் தீர்க்கப்படாத விஷயம்.

மலையகத் தண்ணீரில் மீன் விட்ட வரலாறு பழையது. 1880களிலேயே வெள்ளைக்காரத் துரைமார் ட்ரவுட் மீனின் முட்டையைக் கப்பலில் கொண்டுவந்து நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளில் பொரிக்க வைத்தார்கள். தூண்டில் போட்டுப் பொழுதுபோக்குவதற்காக அவ்வளவு சிரமம் எடுத்தார்கள். அதே காலத்தில் அந்த ஓடைக்கரையில் கொழுந்தெடுத்தவர்களின் பிள்ளைகளுக்காக ஒரு மீனும் விடப்படவில்லை. 1952இல் நாட்டுக்கு வந்த திலாப்பியா, நம் ஜப்பான் மீன், குளங்களில் பெருகி வறண்ட வலயத்து ஏழைகளின் மீனானது. பிறகு 1990இல் நடந்தது பெரிய அடி. உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகக் கூடாது என்ற பௌத்த தரப்பின் ஆட்சேபத்தை ஏற்று, ஜனாதிபதி பிரேமதாசவின் அரசு உள்நாட்டு நன்னீர் மீன்பிடிக்குத் தந்த ஆதரவை முழுவதுமாக விலக்கிக்கொண்டது. குஞ்சு பொரிக்கும் நிலையங்கள் கைமாறின. குளங்களில் குஞ்சு விடுவது நின்றது. ஒழுங்கு பார்க்க அதிகாரி இல்லாமல் போனார். 1989இல் 39,000 தொன்னுக்கு மேலிருந்த உற்பத்தி 1994இல் 12,000 தொன் அளவுக்கு இறங்கியது. கடலில் மீன்பிடிக்கும் படகுக்கு மானியம் தொடர்ந்தது. குளத்து மீனுக்கு மட்டும் இந்த அறம் பொருந்தியது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கடலுக்குத் தொலைவில் வாழ்ந்த மக்களே அந்த முடிவின் விலையைக் கட்டினார்கள்.

1994இல் ஆட்சி மாறி ஆதரவு திரும்பியது. 1998இல் தேசிய நீரியல் வள அபிவிருத்தி அதிகாரசபைக்குச் சட்டம் வந்தது. 2019இல் நாட்டின் மொத்த மீன் உற்பத்தி சுமார் 5 இலட்சம் தொன். அதில் ஏறத்தாழ 90,000 தொன் உள்நாட்டு நீரிலிருந்து. அதாவது அரசு கைவிட்டால் சரிந்து, கைகொடுத்தால் எழும் துறை இது. மலையக நீர்த்தேக்கங்கள் குளிரானவை. நீர்மட்டம் மின்சாரத் தேவைக்கேற்ப ஏறி இறங்கும். அநுராதபுரக் குளத்தின் விளைச்சலை அங்கே எதிர்பார்க்க முடியாது. இருந்தும் குஞ்சு விடும் விழாக்கள் நடக்கின்றன, பத்திரிகையில் படம் வருகிறது. விட்ட குஞ்சு வளர்ந்த பிறகு பிடிக்கும் உரிமை யாருக்கு என்பதில்தான் மௌனம். நீர், மின்சாரத் துறையின் பொறுப்பு; கரை, தோட்டக் கம்பனியின் குத்தகை; மீன், அதிகாரசபையின் பொறுப்பு. தோட்டத்து இளைஞர் ஒரு சிறு வலையோடு இறங்கினால் இந்த மூன்று தரப்பிலிருந்தும் விரட்டப்படலாம். மூன்று தரப்பிலிருந்தும் அனுமதி வாங்கித் தர ஆள் இல்லை. பாட்டன் கொழுந்தெடுத்த மலை தண்ணீருக்குள் போனது. அந்தத் தண்ணீரில் வளரும் மீனில் பேரனுக்கு முதல் உரிமை தருவது சலுகை ஆகாது; நட்ட ஈட்டில் மிகச் சிறிய பகுதி அது.

உலகத்தில் வேறெங்கும் இப்படிக் கரையையும் மலையையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்களா? பெரு நாடு பார்த்தது. உலகின் மிகப் பெரிய நெத்தலி இன மீன்பிடி அங்கே நடக்கிறது. பிடிபடுவதில் மிகப் பெரும் பங்கு மீன்மாவாக அரைபட்டு வெளிநாட்டுப் பண்ணைகளுக்குப் போக, அந்திஸ் மலைத்தொடரில் வாழும் பழங்குடிப் பிள்ளைகள் சத்துக் குறைவால் வாடினார்கள். 2012 டிசம்பரில் அந்த அரசு, மீன் தின்போம் என்று பெயரிட்ட ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. உற்பத்தி அமைச்சே அதை நடத்துகிறது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. மீன்பிடியைப் பார்க்கும் அமைச்சுக்கே, மலைநாட்டில் மீன் தின்னப்படுகிறதா என்று பார்க்கும் கடமையும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. பக்கத்தில் இந்தியாவில், ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் பழங்குடிக் குழந்தைகளுக்கு அங்கன்வாடி வழியாக உலர்ந்த சிறுமீனும் மீன்தூளும் கொடுத்துப் பார்த்தார்கள். மயூர்பஞ்சும் கடலில்லாத மாவட்டம்தான்.

நம்மிடம் அதற்கான பாதை ஏற்கெனவே இருக்கிறது. தோட்டத்துச் சிறுவர் பராமரிப்பு நிலையம் இருக்கிறது, கிளினிக்கில் திரிபோஷா சத்துமா கொடுக்கும் நாள் இருக்கிறது, பாடசாலையில் பகலுணவு இருக்கிறது. இந்த மூன்றுக்கும் வாரத்தில் சில நாள் நல்ல நெத்தலி போகவேண்டும் என்று முடிவெடுத்தால், மன்னாரிலும் கற்பிட்டியிலும் கருவாடு போடும் பெண்களின் சங்கங்களுக்கு நிலையான கொள்முதல் கிடைக்கும். கடற்றொழில் கூட்டுத்தாபனத்தின் லொறி அந்தச் சங்கங்களிலிருந்து நேராக மாத்தளை வழியாக மலையேறலாம். பேலியகொடைக்குப் போய்ச் சுற்றி வரத் தேவையில்லை. நட்டம் வந்தால் அதைச் சுகாதாரச் செலவில் எழுதலாம். அப்படி எழுதத்தக்க செலவு அது. வரியையும் தரம் பிரித்து விதிக்கலாம். வரவு செலவுத் திட்டத்துக்கு முன் வாழ்க்கைச் செலவைக் கணக்கிடும்போது ஹட்டனிலும் பண்டாரவளையிலும் நெத்தலி என்ன விலைக்கு விற்றது என்பதை அமைச்சு தானே அறிந்து வெளியிடலாம். இதில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை.

கடற்றொழில் அமைச்சர் இராமலிங்கம் சந்திரசேகரிடம் இதைக் கேட்கிறேன். காசல்ரீ, மவுஸ்ஸாகலைக் கரைகளில் தோட்ட மக்களின் மீன்பிடிச் சங்கங்களைப் பதிந்து, மின்சாரத் துறையோடும் கம்பனிகளோடும் பேசி, அவர்களுக்கு எழுத்தில் உரிமை கொடுங்கள். கடற்றொழில் ஆலோசனைக் குழுக்களில் மலையகத்திலிருந்து ஒருவரையாவது, முடிந்தால் தோட்டத்தில் வேலைசெய்யும் ஒரு பெண்ணை, உட்காரவையுங்கள். தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. சம்பள நிர்ணய சபையில் நாட்கூலியைப் பேசிப் பெற்ற உயர்வைக் கருவாட்டுக் கடையும் மண்ணெண்ணெய்க் கானும் சில மாதத்தில் திருப்பி வாங்கிக்கொள்வதை நீங்கள் அறிவீர்கள். அடுத்த பேச்சுக்குப் போகும்போது நூறு கிராம் நெத்தலியின் விலையையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே பதில் கிடைக்காவிட்டால் கடற்றொழில் அமைச்சின் வாசலுக்குப் போய்க் கேளுங்கள்.